மான்செஸ்டரின் டேவிஹியூம் கழிவுநீர் நிலையமும் இர்வெல் ஆறும்

டேவிஹியூம் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகருக்குத் தென்மேற்கே, மான்செஸ்டர் கப்பல் கால்வாயின் கரையில் அமைந்துள்ளது. 1894ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் இந்நிலையம் வடமேற்கு இங்கிலாந்திலேயே மிகப் பெரியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் கழிவுநீர் இங்கு வந்து சேர்கிறது. இன்று உலகின் பெரும்பாலான பெருநகரங்கள் பயன்படுத்தும் செயலூட்டப்பட்ட கசடு முறை 1913-14இல் இந்நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில்தான் உருவானது. நம்மூர்ப் பொறியாளர்கள் பேச்சில் ‘ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ்’ என்று வழங்குவது இதுவே.

ஒரு கழிவுநீர் நிலையம் ஆற்றை எப்படிக் காக்கிறது, எந்த இடத்தில் காக்கத் தவறுகிறது என்ற இரண்டையும் அறிந்துகொள்ள டேவிஹியூமின் வரலாறு ஏற்றது. இங்கே ஆறு மிக மோசமாகக் கெட்டிருந்தது. தீர்வும் அந்த ஆற்றின் கரையிலேயே கிடைத்தது. ஆயினும் ஆறு உடனே பிழைத்துவிடவில்லை.

இர்வெல் ஆறு கெட்ட வரலாறு

மான்செஸ்டருக்கும் சால்ஃபோர்டுக்கும் இடையே ஓடும் ஆறு இர்வெல். இர்க், மெட்லாக் என்னும் இரண்டு சிற்றாறுகள் நகருக்குள்ளேயே இதில் கலக்கின்றன. இர்வெல் பின்னர் மெர்சி ஆற்றுடன் சேர்ந்து லிவர்பூல் அருகே கடலை அடைகிறது. பருத்தி ஆலைகள் இப்பகுதிக்கு வந்ததற்கு இந்த நீரோட்டங்களே காரணம். முதலில் சக்கரத்தைச் சுழற்றத் தண்ணீர் வேண்டியிருந்தது. பிறகு நீராவிக்கும், வெளுப்பதற்கும், சாயம் போடுவதற்கும் வேண்டியிருந்தது. வேலை முடிந்த தண்ணீர் அதே ஆற்றுக்குத் திரும்பியது. தோல் பதனிடும் கொட்டில்களும் காகித ஆலைகளும் எரிவாயுக் கூடங்களும் தங்கள் பங்கைச் சேர்த்தன.

1851ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மான்செஸ்டரின் மக்கள்தொகை மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தது. 1840களில் அங்கு வாழ்ந்த ஃபிரெடெரிக் எங்கெல்ஸ், இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை குறித்து 1845இல் வெளியிட்ட நூலில் இர்க் ஆற்றின் கருமையையும் நாற்றத்தையும் விரிவாகப் பதிவுசெய்தார். ஆற்றங்கரையில் குடியிருந்தவர்கள் ஆலைத் தொழிலாளர்கள். வசதி படைத்தவர்கள் காற்று வீசும் திசையறிந்து நகருக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டார்கள்.

அந்நாளில் மான்செஸ்டரின் பெரும்பாலான வீடுகளில் தண்ணீர் ஊற்றும் கழிப்பறை கிடையாது. வாளிக் கழிப்பறைகளே இருந்தன. மலம் வாளியில் விழும், வண்டிகள் வந்து எடுத்துச் செல்லும். ஆறு அப்போதே கெட்டிருந்தது என்றாலும், நகரின் மலம் முழுவதும் ஆற்றுக்குள் வராமல் தடுத்தது இந்த வாளிதான். 1890களிலிருந்து மாநகராட்சி வாளியை ஒழித்துத் தண்ணீர்க் கழிப்பறைக்கு மாறத் தொடங்கியது. வீடு சுத்தமாயிற்று, ஆற்றின் சுமை கூடிற்று. சுகாதார வரலாற்றில் இது பல நகரங்களில் நடந்த கதை. வீட்டுக்குள் ஒரு முன்னேற்றம் வந்தால் அதன் விலையை ஆறு கொடுக்கும்.

ஆறுகள் மாசடைவதைத் தடுக்க 1876இல் பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது. அதில் ஓட்டைகள் அதிகம். ஆலைகளின் மீது வழக்குத் தொடுக்க வேண்டிய உள்ளூர் மன்றங்களே ஆற்றில் சாக்கடையை விட்டுக்கொண்டிருந்தன. ஆகவே சட்டம் பல ஆண்டுகள் ஏட்டளவில் கிடந்தது. 1891இல் மெர்சி-இர்வெல் கூட்டுக் குழு அமைந்த பிறகுதான் ஆற்றுப்படுகை முழுவதையும் ஒரே அமைப்பு கண்காணிக்கும் நிலை வந்தது. குழுவுக்கு 1892இல் தனிச்சட்டமும் கிடைத்தது.

1894

மான்செஸ்டரின் நீர் வரலாற்றில் 1894 மூன்று காரணங்களுக்காக முக்கியமான ஆண்டு. சுமார் 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தேர்ல்மியர் ஏரியிலிருந்து குழாய்வழிக் குடிநீர் நகருக்கு வந்தது அந்த ஆண்டில். கடல் கப்பல்கள் நகரம்வரை வருவதற்காகத் தோண்டப்பட்ட 58 கிலோமீட்டர் நீளக் கப்பல் கால்வாய் திறக்கப்பட்டதும் அந்த ஆண்டில். டேவிஹியூம் நிலையம் வேலை தொடங்கியதும் அப்போதுதான்.

மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. நல்ல தண்ணீர் அதிகமாக வந்தால் சாக்கடையும் அதிகமாகும். கப்பல் கால்வாயின் மேற்பகுதி புதிதாக வெட்டிய வாய்க்கால் அன்று. இர்வெல், மெர்சி ஆறுகளின் போக்கையே அகழ்ந்து நேராக்கி ஆழப்படுத்தி அதை அமைத்தார்கள். கல்லிலும் மணலிலும் புரண்டு ஓடிய ஆறு, எட்டு மீட்டர் ஆழத்தில் அசையாமல் நிற்கும் நீராயிற்று. கால்வாய் நிறுவனத்துக்குக் கப்பல் மிதக்க இது வசதி, ஆற்றுக்கோ இது பெரும் இழப்பு. காரணத்தைப் பார்க்க ஆக்சிஜன் கணக்கு சிறிது தேவை.

ஆற்றின் மூச்சு

தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் மிகக் குறைவு. 20 டிகிரி செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீரில் அதிகம் போனால் 9 மில்லிகிராம் இருக்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். மீனும் பூச்சிகளும் உயிர்வாழ்வது இதை நம்பித்தான்.

சாக்கடை நீர் ஆற்றில் விழுந்ததும் அதிலுள்ள உணவுத் துகள், மலம், சோப்பு, கொழுப்பு ஆகியவற்றை நீரிலுள்ள பாக்டீரியாக்கள் உண்ணத் தொடங்கும். உண்ணும்போது மூச்சு விடவும் வேண்டும். அவை எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவே கழிவின் வலிமையைக் காட்டும் அளவுகோல். இதை உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்பார்கள், சுருக்கமாக பி.ஓ.டி. சாதாரண வீட்டுச் சாக்கடையின் பி.ஓ.டி. லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். 250 என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் சாக்கடை சுமார் 28 லிட்டர் நல்ல ஆற்று நீரின் ஆக்சிஜன் முழுவதையும் குடித்துவிடும். சாக்கடையில் விஷம் எதுவும் இல்லாவிட்டாலும் மீன் சாவதற்கு இதுவே போதும். ஆற்றில் மீன்கள் செத்து மிதக்கும்போது யாரோ நஞ்சு கலந்துவிட்டார்கள் என்றே மக்கள் முதலில் நினைப்பார்கள். பல நேரங்களில் அவை மூச்சுத் திணறிச் செத்தவை.

இழந்த ஆக்சிஜனை ஆறு காற்றிலிருந்து மீண்டும் பெறும். ஆழம் குறைந்து, கல்லில் மோதி, நுரைத்து ஓடும் ஆற்றில் இது விரைவாக நடக்கும். ஆழமான, அசைவற்ற நீரில் மேற்பரப்பு மட்டுமே காற்றைத் தொடும். கப்பல் கால்வாயான இர்வெல் தன் மூச்சை மீட்டுக்கொள்ளும் வழியைப் பெருமளவு இழந்தது. அடியில் படிந்த சேற்றைக் கலைத்து அடித்துச்செல்லும் வேகமும் இல்லாமற்போயிற்று.

ஆக, ஆற்றைக் காப்பதென்றால் பாக்டீரியாக்களின் இந்த விருந்தை ஆற்றுக்குள் நடக்கவிடாமல், வேறு எங்காவது நடத்தி முடித்துவிட்டு மிச்ச நீரை ஆற்றில் விட வேண்டும். 1894இல் இது யாருக்கும் தெளிவாக விளங்கியிருக்கவில்லை.

சுண்ணாம்பும் கரிக்கட்டியும்

டேவிஹியூமின் முதல் ஆண்டுகளில் சாக்கடையில் சுண்ணாம்பும் இரும்பு உப்பும் கலந்து பெரிய தொட்டிகளில் தேக்கினார்கள். அழுக்கு திரண்டு அடியில் படியும், மேலே தெளிந்த நீரைக் கால்வாயில் விடுவார்கள். பார்வைக்குத் தண்ணீர் தெளிந்திருக்கும். ஆனால் கரைந்த அழுக்கு அப்படியே இருந்ததால் கால்வாயில் சிறிது தூரம் போனதும் மீண்டும் நாறத் தொடங்கும்.

அடுத்து வந்தது தொடுபடுகை. லண்டனில் வில்லியம் டிப்டின் 1890களில் செய்துகாட்டிய முறை இது. எரிந்த கரிக்கட்டிகளை நிரப்பிய பெரிய தொட்டியில் சாக்கடையை நிறுத்தி, சில மணி நேரம் கழித்து வடித்துவிட்டு, படுகையைக் காற்றாட விடுவார்கள். கரிக்கட்டிகளின் மேல் வழுவழுப்பாகப் படரும் பாக்டீரியாப் படலம் அழுக்கைத் தின்னும். மான்செஸ்டர் ஏக்கர்கணக்கில் இப்படிப் படுகைகளை அமைத்தது. முறை சரியானதுதான். ஆனால் படுகை அடைத்துக்கொள்ளும், நிலமும் ஏராளமாகத் தேவை. நகரம் வளர வளர இன்னும் எத்தனை ஏக்கர் என்ற கேள்வி எழுந்தது.

பழுப்புத் தாள் சுற்றிய குப்பிகள்

டேவிஹியூமில் முன்னர் பொறுப்பில் இருந்தவரும் பிறகு மாநகராட்சியின் ஆலோசக வேதியியலாளராக இருந்தவருமான கில்பர்ட் ஃபௌலர், 1912ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க் துறைமுகத்தின் மாசு பற்றிக் கருத்துச் சொல்ல அமெரிக்கா சென்றார். அங்கிருந்து மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லாரன்ஸ் சோதனை நிலையத்துக்கும் போனார். அந்நிலையத்தில் கிளார்க், கேஜ் என்னும் இருவர் குப்பிகளில் இருந்த சாக்கடைக்குள் காற்றை ஊதி, பாசி முதலிய உயிரிகள் வளர்ந்த நிலையில் நீர் தெளிவதைக் கவனித்திருந்தார்கள். ஊர் திரும்பிய ஃபௌலர், டேவிஹியூமின் வேதியியலாளர் எட்வர்ட் ஆர்டெர்னிடமும் அவருடன் பணியாற்றிய வில்லியம் லாக்கெட்டிடமும் இதைச் சொல்லி, சோதனைகளைத் தொடரச் செய்தார்.

சாக்கடைக்குள் காற்றை ஊதும் யோசனை புதியதன்று. இங்கிலாந்திலும் பலர் முயன்று, பயனில்லை என்று கைவிட்டிருந்தார்கள். ஆர்டெர்னும் லாக்கெட்டும் ஊதியபோதும் முதலில் அதே முடிவுதான் வந்தது. அழுக்கு முழுவதும் ஆக்சிஜனேற்றம் பெற்று, அமோனியா நைட்ரேட்டாக மாற ஐந்து வாரங்கள் பிடித்தன. ஒரு நகரத்தின் சாக்கடையை ஐந்து வாரம் தேக்கிவைக்க எந்த மாநகராட்சியாலும் முடியாது.

இந்த இடத்தில் அவர்கள் செய்த காரியம் மிக எளியது. ஐந்து வாரம் கழித்துக் குப்பியின் அடியில் கொஞ்சம் பழுப்பு நிறக் கசடு படிந்திருந்தது. முன்பு முயன்றவர்கள் அதையும் கழிவென்று கருதிக் குப்பியைக் கழுவி அடுத்த சோதனைக்குப் போனார்கள். இவர்கள் தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, கசடைக் குப்பியிலேயே விட்டு, அதன்மேல் புதிய சாக்கடையை ஊற்றி மீண்டும் காற்றை ஊதினார்கள். இம்முறை நாட்கள் குறைந்தன. மறுபடி வடித்து, மறுபடி ஊற்றினார்கள். கசடு சேரச் சேர நேரம் இறங்கிக்கொண்டே வந்தது. இறுதியில் ஐந்து வாரத்து வேலை 24 மணி நேரத்துக்குள் முடிந்தது.

குப்பிகளைப் பழுப்புத் தாளால் சுற்றி வெளிச்சம் படாமல் வைத்தது இன்னொரு நுட்பம். பாசி வெளிச்சமில்லாமல் வளராது. ஆகவே வேலையைச் செய்வது பாசியன்று, கசடுதான் என்பது இதனால் உறுதியாயிற்று.

வீட்டில் தயிர் உறை ஊற்றுபவர்களுக்கு இதில் வியப்பில்லை. நேற்றைய தயிரில் ஒரு கரண்டி இல்லாவிட்டால் இன்றைய பால் உறைவதற்குள் கெட்டுப்போகும். ஆனால் தோசை மாவுக்கும் தயிருக்கும் தெரிந்த விஷயம் சாக்கடைக்குப் பொருந்தும் என்று 1913வரை யாரும் துணிந்து செய்து பார்க்கவில்லை. அருவருப்பு அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

1914 ஏப்ரல் 3ஆம் நாள் மான்செஸ்டரின் கிராண்ட் ஹோட்டலில் கூடிய வேதித் தொழில் சங்கக் கிளைக் கூட்டத்தில் ஆர்டெர்னும் லாக்கெட்டும் தங்கள் கட்டுரையைப் படித்தார்கள். அந்தக் கசடுக்கு அவர்கள் வைத்த பெயரே முறையின் பெயராகவும் நிலைத்தது.

அதே ஆண்டிலேயே பக்கத்து நகரமான சால்ஃபோர்டில் இம்முறையைப் பெரிய அளவில் சோதித்தார்கள். 1916இல் வூஸ்டர் நகரில் சாக்கடை இடைவிடாமல் ஓடிக்கொண்டே சுத்தமாகும் நிலையம் வந்தது. காப்புரிமையை ஜோன்ஸ் அண்ட் ஆட்வுட் என்னும் நிறுவனம் எடுத்துக்கொண்டதால் அமெரிக்காவில் நீண்ட வழக்குகள் நடந்தன. மில்வாக்கி நகரம் அதில் தோற்றது. இதற்கிடையில் அதே மில்வாக்கி தன் கசடைக் காயவைத்து 1926 முதல் ‘மிலோர்கனைட்’ என்ற பெயரில் உரமாக விற்றுக்கொண்டும் இருந்தது. கண்டுபிடித்த டேவிஹியூமில் இம்முறை பெரிய அளவில் நடைமுறைக்கு வர 1930கள் ஆயின. போட்ட முதலைப் படுகைகளிலிருந்து எடுக்காமல் புதிதுக்குப் போக மாநகராட்சிகள் எளிதில் முன்வருவதில்லை.

20க்கு 30

எவ்வளவு சுத்தம் செய்தால் போதும் என்ற கேள்விக்கும் அதே காலத்தில் விடை தேடினார்கள். 1898இல் அமைந்த அரச ஆணையம் 1912இல் வெளியிட்ட எட்டாம் அறிக்கையில் ஓர் அளவை முன்வைத்தது. நிலையத்திலிருந்து வெளியேறும் நீரில் பி.ஓ.டி. லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கும் மிதக்கும் திண்மம் 30 மில்லிகிராமுக்கும் மேல் போகக் கூடாது. இந்த ‘20:30’ பிற்காலத்தில் பல நாடுகளின் விதிகளுக்குள் புகுந்தது.

பலர் மறந்துவிட்ட ஒரு நிபந்தனையும் அந்த அறிக்கையில் இருந்தது. ஆற்றில் குறைந்தது எட்டு மடங்கு நல்ல நீர் ஓட வேண்டும். கணக்கு இதுதான். ஓரளவு சுத்தமான ஆற்றின் பி.ஓ.டி. 2 என்க. அதில் எட்டுப் பங்கும், 20 அளவுள்ள வெளியேற்று நீர் ஒரு பங்கும் கலந்தால் மொத்தம் 36. ஒன்பதால் வகுத்தால் 4. அந்த 4ஐத் தாண்டினால் ஆறு தொல்லை தரத் தொடங்கும் என்பது ஆணையத்தின் முடிவு.

இர்வெல்லில் எட்டு மடங்கு நல்ல நீர் எங்கே இருக்கிறது? மேலே பரி, போல்டன், ராச்டேல் என்று ஊருக்கு ஊர் தத்தம் நிலையத்து நீரை ஆற்றுக்குள் விட்டுக்கொண்டிருந்தன. கோடையில் ஆற்றில் ஓடுவதில் பெரும்பகுதி யாரோ ஏற்கெனவே பயன்படுத்திய நீர்தான். எனவே 20:30ஐ எட்டிய பிறகும் கப்பல் கால்வாய் பல பத்தாண்டுகள் நாறிக்கொண்டேயிருந்தது. ஒரே அளவை எல்லா ஆறுகளுக்கும் பொருத்தினால் என்னவாகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. கோடையில் வறளும் நம் ஆறுகளுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும்.

தொட்டிக்குள் நடப்பது

இன்றைய நிலையத்தில் சாக்கடை முதலில் கம்பிச் சல்லடைகளைக் கடக்கும். துணி, பிளாஸ்டிக், குச்சி எல்லாம் அங்கே நின்றுவிடும். அடுத்து மணல் படியும் தொட்டி, பிறகு முதல்நிலைப் படிவுத் தொட்டி. இதுவரை நடப்பவை புவியீர்ப்பின் வேலை.

அதன்பின் காற்றூட்டத் தொட்டி. இங்கே சாக்கடை, ஏற்கெனவே வளர்ந்திருக்கும் கசடுடன் கலக்கிறது. அடியிலிருந்து காற்று நுண்குமிழிகளாகப் பொங்கும். கசடு என்பது வெறும் மண்ணன்று. கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் தாமே சுரக்கும் பசையால் ஒட்டிக்கொண்டு உண்டாக்கும் மென்மையான திரள்கள் அவை. சில மணி நேரத்தில் கரைந்த அழுக்கை உண்டு முடிக்கும். பிறகு அடுத்த தொட்டியில் கலக்கல் இல்லாமல் நிறுத்தினால் திரள்கள் அடியில் படியும், மேலே தெளிந்த நீர் வழியும். படிந்த கசடின் பெரும்பகுதியை மறுபடி காற்றூட்டத் தொட்டிக்கே பம்பு செய்வார்கள். குப்பியில் ஆர்டெர்ன் விட்டுவைத்த கசடு இப்போது குழாய் வழியே சுற்றிவருகிறது, அவ்வளவே வேறுபாடு.

பாக்டீரியா பெருகாமல் போனாலும் ஆபத்து, தளர்ந்த இழைகளாகப் பெருகினாலும் ஆபத்து. இழைபோன்ற வகைகள் மிகுந்தால் கசடு படியாமல் பஞ்சுபோல் மிதந்து நீருடன் ஆற்றுக்குப் போய்விடும். நிலையத்தை இயக்குபவர்கள் தினமும் ஓர் அளவுகுடுவையில் கசடு அரை மணி நேரத்தில் எவ்வளவு படிகிறது என்று பார்ப்பது இதற்காகத்தான். அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் இன்னும் சிக்கலானவை. மெதுவாக வளர்பவை, குளிரில் மேலும் சோம்புபவை. அவற்றைத் தக்கவைக்கக் கசடைப் பல நாட்கள் தொட்டியிலேயே வைத்திருக்க வேண்டும். ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜன் நான்கரை மில்லிகிராமுக்கும் மேல் ஆக்சிஜனைக் கேட்கும் என்பதால், அமோனியாவை ஆற்றுக்கு விட்டுவிட்டு பி.ஓ.டி.யை மட்டும் குறைத்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். மீன்களுக்கு அமோனியா நேரடி நஞ்சும் ஆகும்.

பெங்களூர்

ஃபௌலரின் வாழ்வு மான்செஸ்டரில் முடியவில்லை. 1916இல் அவர் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். குப்பியில் பிறந்த முறை இரண்டே ஆண்டுகளில் இந்தியாவுக்கு வந்தது இவ்வாறுதான். 1920களில் ஜாம்ஷெட்பூர் எஃகு நகரில் இம்முறையிலான நிலையம் அமைந்தது.

ஃபௌலர் தொடங்கிவைத்த ஆய்வு அவர் கழகத்தை விட்டுச் சென்ற பின்னும் நடந்தது. கசடில் பாக்டீரியாவுடன் காணப்படும் ஒருசெல் உயிரிகள் வெறும் விருந்தாளிகளா, வேலைக்காரர்களா என்ற கேள்வியை எஸ். சி. பிள்ளை, வி. சுப்பிரமணியன் இருவரும் எடுத்துக்கொண்டார்கள். எபிஸ்டைலிஸ் போன்ற குற்றிழை உயிரிகள் நீரைத் தெளியவைப்பதில் முக்கியப் பங்கு வகிக்கின்றன என்று 1942இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். பாக்டீரியாவே எல்லாம் என்று நம்பிய பலர் இதை உடனே ஏற்கவில்லை. 1968இல் இங்கிலாந்தில் கர்ட்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் இவ்வுயிரிகள் இல்லாத தொட்டியையும் உள்ள தொட்டியையும் ஒப்பிட்டுக் காட்டினார்கள். இல்லாத தொட்டியின் நீர் கலங்கியிருந்தது, அவற்றைச் சேர்த்ததும் தெளிந்தது. திரளில் ஒட்டாமல் தனித்து நீந்தும் பாக்டீரியாக்களை அவை மேய்ந்துவிடுகின்றன. இந்தச் சுப்பிரமணியன்தான் பிறகு 1950இல் மைசூரில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநர்.

சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்களும் அடிப்படையில் டேவிஹியூம் முறையையே பின்பற்றுகின்றன.

கசடு போன இடம்

ஆற்றிலிருந்து எடுத்த அழுக்கு மறைந்துவிடுவதில்லை. ஒரு பகுதி கரியமில வாயுவாகக் காற்றுக்குப் போகிறது, மிச்சம் கசடாகிறது. டேவிஹியூம் அதைக் கப்பலில் ஏற்றிக் கால்வாய் வழியே லிவர்பூல் வளைகுடாவில் கொட்டியது. 1890களின் இறுதியில் தொடங்கிய இந்தப் பழக்கம் 1998வரை, ஏறத்தாழ நூறாண்டுகள், நீடித்தது. கடலில் கசடு கொட்டுவதை ஐரோப்பிய விதிகள் அந்த ஆண்டுடன் நிறுத்தின. ஆற்றைக் காத்தது கடலின் செலவில் என்று சொன்னால் மிகையில்லை.

இப்போது கசடு வேறு பயணம் போகிறது. உயர் அழுத்த நீராவியில் வேகவைத்து, காற்றில்லாத் தொட்டிகளில் நொதிக்கவிட்டு, கிடைக்கும் மீத்தேனில் மின்சாரம் எடுக்கிறார்கள். 2013இல் திறந்த இந்தப் பிரிவு ஆண்டுக்கு 91,000 டன் உலர்கசடைக் கையாளும் வகையில் கட்டப்பட்டது. மிஞ்சுவது வயலுக்கு உரமாகப் போகிறது.

கால்வாய் திரும்பியது

சால்ஃபோர்ட் துறைமுகம் 1982இல் மூடப்பட்டது. கப்பல்கள் போனபின் பார்த்தால் அடியில் பல பத்தாண்டுச் சேறு. கோடையில் அது வாயுவால் உப்பி மேலே எழுந்து தீவுகள்போல் மிதந்தது. மேலே விடும் நீர் சுத்தமானாலும் கீழே கிடக்கும் சேறு ஆக்சிஜனைக் குடித்துக்கொண்டேயிருந்தது. பழைய பாவம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

1985இல் மெர்சி படுகை இயக்கம் தொடங்கியது. 25 ஆண்டுத் திட்டம், அரசும் நீர் நிறுவனமும் ஆலைகளும் உள்ளூர் மக்களும் சேர்ந்தது. ஆற்றுப்படுகையின் நிலையங்கள் ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கப்பட்டன. டேவிஹியூமிலும் அமோனியாவைக் குறைக்கும் பிரிவு சேர்ந்தது. 1999இல் முதன்முறையாக வழங்கப்பட்ட சர்வதேச ஆற்றுப் பரிசு இந்த இயக்கத்துக்குக் கிடைத்தது. 2001 முதல் சால்ஃபோர்டின் மேற்பகுதிக் கால்வாயில் வெளியிலிருந்து ஆக்சிஜனையே செலுத்தத் தொடங்கினார்கள். நோயாளிக்கு மூக்கில் குழாய் வைப்பதுபோல்தான். ஆனால் பலன் இருந்தது. சேறு எழுவது நின்றது, மீன்கள் பெருகின. மெர்சியில் சால்மன் மீன்களும் மீண்டும் காணப்பட்டன. பழைய துறைமுகக் குளத்தில் இன்று மக்கள் நீந்துகிறார்கள்.

மழை நாள்

எந்த நிலையமும் தன்னிடம் வந்து சேரும் நீரை மட்டுமே சுத்தம் செய்ய முடியும். மான்செஸ்டரின் பழைய சாக்கடைகள் மழைநீரையும் வீட்டுக் கழிவையும் ஒரே குழாயில் கொண்டுபோகின்றன. மழையற்ற நாளின் ஓட்டத்தைப்போல் மூன்று மடங்குவரை நிலையங்கள் முழுமையாகச் சுத்தம் செய்வது பிரிட்டனில் வழக்கம். அதைத் தாண்டினால் மழைத் தொட்டிகள் நிரம்பும். அதற்கும் மேல் வந்தால் குழாய்களிலேயே அமைந்த வழிவுகள் திறந்து கலப்புநீர் நேராக ஆற்றில் விழும். வீடுகளுக்குள் சாக்கடை பொங்காமல் இருக்க விட்டுவைத்த வழி அது. நாளடைவில் நகரம் வளர்ந்தது, தரை முழுவதும் சிமெண்டாயிற்று, வழிவுகள் அடிக்கடி திறந்தன.

இதன் தடயத்தை மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் ஆற்றுப்படுகை மணலில் கண்டார்கள். இர்வெல்லும் மெர்சியும் பாயும் பகுதியில் எடுத்த மாதிரிகளில், டெண்டன் அருகே டேம் ஆற்றில், ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்நெகிழித் துகள்கள் இருந்ததாக 2018இல் வெளியிட்டார்கள். 2015-16 குளிர்காலப் பெருவெள்ளம் படுகையில் கிடந்தவற்றில் சுமார் 70 விழுக்காட்டை அடித்துச் சென்றதையும் அளந்தார்கள். நன்கு இயங்கும் நிலையம் நுண்நெகிழியின் பெரும்பகுதியைக் கசடில் பிடித்துவிடும். ஆற்றின் அடியில் இவ்வளவு சேர்ந்திருப்பதற்குச் சுத்திகரிக்காமல் வழிந்த நீரே முக்கியக் காரணம் என்று 2021இல் அதே பல்கலைக்கழகத்தார் எழுதினார்கள்.

கால்வாயின் உடைமை நிறுவனம் இதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. சுத்திகரிக்காத நீரைத் தன் கால்வாயில் விடுவது அத்துமீறலும் தொல்லையும் ஆகும் என்பது அதன் வாதம். நாட்டின் நீர்த்துறைச் சட்டப்படி ஒழுங்குமுறை அமைப்பு மட்டுமே நடவடிக்கை எடுக்கலாம், உரிமையாளர் தனியாக வழக்குத் தொடுக்க முடியாது என்றது டேவிஹியூமை இயக்கும் யுனைடெட் யுடிலிட்டீஸ். கீழ் நீதிமன்றங்கள் நீர் நிறுவனத்தின் பக்கம் நின்றன. 2024 ஜூலை 2ஆம் நாள் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை மாற்றியது. நீர் நிறுவனம் கவனக்குறைவாகவோ வேண்டுமென்றோ நடந்துகொண்டது என்று காட்டாமலேயே, அசுத்த நீர் விடப்படும் நீர்நிலையின் உரிமையாளர் வழக்குத் தொடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. கால்வாயோரம் நீர் நிறுவனத்தின் குழாய்வாய்கள் சுமார் நூறு இருக்கின்றன. அவற்றில் சுத்திகரித்த நீர் வருவனவும் உண்டு. மழை நாளில் மட்டும் திறப்பவற்றின் நீர் டேவிஹியூமின் தொட்டிகளை எட்டாமலேயே கால்வாயில் விழுகிறது.